அசாதாரணத் திறமை எனக்கு இருக்கிறதா? ஹூஸ்டனிலிருந்து ஒரு போஸ்ட்டாக்கின் கேள்வி

கேள்வி: வணக்கம் மேடம். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வயது 35. ஹூஸ்டனில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வாளர். கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சையில் ஆராய்ச்சி. தோலில் துடைத்தெடுக்கும் ஸ்வாபிலிருந்து அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு பிசிஆர் முறை செய்தேன். 2020இல் ஜே-1 பரிமாற்ற விசாவில் வந்தேன். முடிந்ததும் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும் என்ற விதிக்கு வெய்வர் (விலக்கு) வாங்கி 2023 முதல் எச்-1பி. 19 கட்டுரைகள், அவற்றில் 7இல் முதல் ஆசிரியர். கூகுள் ஸ்காலரில் 640 சைட்டேஷன். 2021இல் வந்த பிசிஆர் கட்டுரைக்கு மட்டும் 210. பத்திரிகைகளுக்கு 31 ரிவியூ செய்திருக்கிறேன். சிஎஸ்ஐஆர் ஜேஆர்எஃப் உண்டு, இரண்டு போஸ்டர் பரிசு உண்டு. ஒரு தமிழ் நாளிதழின் ஊர்ப் பதிப்பில் என்னைப் பற்றிச் செய்தி வந்தது. அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான கிரீன் கார்டு பிரிவான ஈபி-1ஏ போடு என்கிறார்கள் நண்பர்கள். என்னை நானே ‘அசாதாரணத் திறமை கொண்டவன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடக் கூச்சமாக இருக்கிறது. ஒரு கன்சல்டன்சி 8,000 டாலருக்கு விருது, சங்க உறுப்பினர் பதவி, பேட்டி எல்லாம் ஏற்பாடு செய்து ‘ப்ரொஃபைல்’ கட்டித் தருவதாகச் சொல்கிறது. சேரலாமா? இல்லை, என்ஐடபிள்யூ (தேசிய நலன் விலக்கு) போதுமா? எச்-4 சார்பு விசாவில் இருக்கும் மனைவி மஸ்கட்டில் பிறந்து நாகர்கோவிலில் வளர்ந்தவர். மகள் இங்கே பிறந்தவள்.

பதில்:

கூச்சத்தில் தொடங்குவோம். குடியேற்ற வக்கீலான என்னிடம் வரும் தமிழ் விஞ்ஞானிகளில் பாதிப் பேர் முதல் சந்திப்பில் சொல்வது இதைத்தான். ஒருவர் தன் கட்டுரைகளைப் பற்றிப் பேசும்போது ‘நாங்கள்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால் அந்தச் சோதனை முழுவதையும் செய்தவர் அவர் ஒருவர்தான். தன் பெருமையைத் தானே பேசக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு, துறையின் உச்சிக்கு ஏறிவிட்ட மிகச் சிலரில் நானும் ஒருவன் என்ற வாக்கியம் வாயில் வராது. ஆனால் சட்டத்தில் இருப்பது ஏறக்குறைய அந்த வாக்கியம்தான், அதனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

போதாக்குறைக்கு இதற்கு ‘ஐன்ஸ்டைன் விசா’ என்று ஒரு செல்லப்பெயர் வேறு. பயப்படாதீர்கள். ஐன்ஸ்டைனுக்கும் இந்த விசாவுக்கும் சம்பந்தம் இல்லை. இந்தப் பிரிவு வந்தது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில். 1933இல் வந்து சேர்ந்த அவர், நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்க வேண்டும் என்றபோது நாட்டுக்கு வெளியே போய்த்தான் வர வேண்டியிருந்தது. 1935 மே மாதம் கப்பல் ஏறி பெர்முடாவுக்குப் போய், அங்கிருந்த அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பினார். விசா ஸ்டாம்பிங்குக்கு வெளிநாடு போய் அலையும் நம் ஆட்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் ஆறுதல் அடைவார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் வந்த ‘கோல்டு கார்டு’ அதிபர் உத்தரவு, அரசுக்கு 10 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தால் அதையே அசாதாரணத் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படி இருக்கும்போது, ராத்திரி பகலாக ஆய்வகத்தில் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் மனுவைப் படிக்கப்போகிறவர் யார் என்பதை முதலில் மனதில் வையுங்கள். அவர் நுண்ணுயிரியல் படித்தவர் இல்லை. அமெரிக்கக் குடியேற்ற அமைப்பான யுஎஸ்சிஐஎஸ்ஸின் அதிகாரி. காலையில் ஒரு நடனக் கலைஞரின் கோப்பு, அடுத்து ஒரு மென்பொருள் ஆளின் கோப்பு, சாப்பிட்டு வந்து உங்கள் கோப்பு. நீங்கள் மேதையா என்று எடைபோட அவருக்குத் தராசு கிடையாது. உங்கள் வேலையை உங்களுக்குச் சம்பந்தம் இல்லாதவர்கள் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்களா, அது காகிதத்தில் தெரிகிறதா என்பதை மட்டும்தான் அவரால் பார்க்க முடியும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

நோபல் மாதிரி ஒரு பெரிய பரிசு இருந்தால் அதுவே போதும். இல்லாதவர்களுக்கு விதிமுறையில் பத்து அம்சங்கள் இருக்கின்றன. அவற்றில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். பரிசுகள், சாதனை பார்த்து மட்டுமே சேர்க்கும் சங்கங்களின் உறுப்பினர் பதவி, உங்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது, பிறர் வேலையை மதிப்பிட்டது, பெரிய முக்கியத்துவம் உள்ள சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், பேர்பெற்ற நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பு, உயர்ந்த சம்பளம். மீதி இரண்டும் கலைஞர்களுக்கானவை. மூன்றைக் காட்டியதோடு வேலை முடியவில்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்து, ‘சரி, இவர் உண்மையிலேயே உச்சியில் இருப்பவர்தானா’ என்று அதிகாரி இரண்டாவது முறை கேட்பார்.

இந்த இரண்டு படி முறைக்கு மூலம் 2010இல் வந்த கஸாரியன் தீர்ப்பு. வக்கீல்கள் நாங்கள் வாய்க்கு வாய் ‘கஸாரியன், கஸாரியன்’ என்போம். அவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு. யெரவான் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி வாங்கிய கோட்பாட்டு இயற்பியலாளர், உங்களைப் போல ஒரு விஞ்ஞானி. அதிகாரிகள் விதியில் இல்லாத நிபந்தனைகளை அவர் மேல் சுமத்தினார்கள் என்று ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அவர் தோற்றார். நீதிமன்றம் அவருக்குக் கொடுத்தது இரண்டே அம்சங்கள்: கட்டுரைகள் எழுதியது, பிறர் வேலையை மதிப்பிட்டது. பங்களிப்பு என்ற மூன்றாவது நிற்கவில்லை. பேராசிரியர்கள் அவரைப் பாராட்டிக் கடிதம் கொடுத்திருந்தார்கள். பாராட்டு மட்டும் போதாது என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள்.

உங்கள் கையில் சுலபமாக இருப்பதும் அதே இரண்டுதான். கட்டுரைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம், 19 இருக்கின்றன, முடிந்தது. ரிவியூவில் ஒரே ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். அந்த 31இல் உங்கள் பெயருக்கே அழைப்பு வந்து, நீங்களே சமர்ப்பித்தவை எத்தனை? பேராசிரியருக்கு வந்ததை அவர் உங்களிடம் தள்ளிவிட்டு, நீங்கள் எழுதி, அவர் பெயரில் போனவை எத்தனை? எல்லா ஆய்வகத்திலும் நடப்பதுதான் இது, ஆனால் பத்திரிகையின் பதிவில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் அது கணக்கில் வராது. அழைப்பு மின்னஞ்சலும் போதாது. ‘உங்கள் ரிவியூ கிடைத்தது, நன்றி’ என்று வந்த மின்னஞ்சல்தான் வேண்டும். 31இல் 18 தேறினாலும் எனக்குக் கவலை இல்லை.

மற்றவற்றில் எதை விடலாம் என்று சொல்கிறேன். ஜேஆர்எஃப் நம் ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மேற்படிப்புக்குக் கிடைத்த உதவித்தொகை என்றுதான் அதிகாரி அதைப் பார்ப்பார். துறையில் சாதித்ததற்கான பரிசாக அல்ல. பயோடேட்டாவில் இருக்கட்டும், தூணாக நிறுத்தாதீர்கள். போஸ்டர் பரிசுகளும் அப்படியே. சம்பளம் போஸ்ட்டாக் சம்பளம், அதைத் தொடவே வேண்டாம். பலவீனமான ஆறு அம்சங்களை அடுக்கினால் பலமான மூன்றும் சேர்ந்து மங்கிவிடும். இது என் தனிப்பட்ட அபிப்பிராயம். எல்லாவற்றையும் போடு, ஏதாவது ஒட்டும் என்று சொல்லும் வக்கீல்களும் இருக்கிறார்கள்.

நாளிதழ் செய்தியைப் பார்த்தேன், நீங்கள் இணைத்திருந்த படத்தில். ‘நாகர்கோவில் இளைஞர் அமெரிக்காவில் சாதனை’ என்ற தலைப்பு, பக்கத்தில் உங்கள் கல்லூரிக் காலத்துப் புகைப்படம், தலைப்புக்குக் கீழே ‘நமது நிருபர்’. விதிமுறையில் தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர் மூன்றும் வேண்டும் என்று இருக்கிறது. ‘நமது நிருபர்’ யார் என்று கேட்டு ஓர் ஆர்எஃப்இ, அதாவது கூடுதல் ஆவணம் கேட்கும் நோட்டீஸ், வந்தால் நாம் என்ன பதில் சொல்வது? தவிர அந்தச் செய்தியில் உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி இரண்டு வரிதான். மீதி எல்லாம் எந்தப் பள்ளியில் படித்தீர்கள், அப்பா எங்கே வேலை பார்த்தார் என்பது. அதை அம்மா ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார்கள், அங்கேயே இருக்கட்டும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், இரண்டு மொழியும் தெரிந்து சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட சான்றும் சேர்க்க வேண்டும்.

ஆக, எல்லாம் அந்த மூன்றாவது அம்சத்தில் வந்து நிற்கிறது. ‘பெரிய முக்கியத்துவம் உள்ள சொந்தப் பங்களிப்பு.’ இங்கேதான் மனு ஜெயிப்பதும் தோற்பதும்.

640 என்ற எண்ணை வைத்து மட்டும் ஒன்றும் ஆகாது. ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள். எக்செல் திறந்து, பிசிஆர் கட்டுரையை மேற்கோள் காட்டிய 210 கட்டுரைகளையும் ஒவ்வொன்றாக எழுதுங்கள். முதலில் நீங்களும் உங்கள் கூட்டு ஆசிரியர்களும் எழுதியவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதில் பெரும்பாலானவை முன்னுரையில் ஐந்தாறு பேரோடு சேர்த்து உங்கள் பெயரையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டவையாக இருக்கும். அதில் மனம் தளர வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான். நமக்கு வேண்டியது செய்முறைப் பகுதி. ‘இன்னார் முறைப்படி டிஎன்ஏ பிரித்தெடுத்தோம்’, ‘இவர்களின் ப்ரைமரைப் பயன்படுத்தினோம்’ என்று எத்தனை கட்டுரைகளில் வருகிறது? அந்தப் பக்கத்தை எடுத்து, அந்த வரியை மஞ்சளில் கோடிட்டு, எந்த நாட்டு எந்த மருத்துவமனை ஆய்வகம் என்று ஓரத்தில் எழுதுங்கள். பதினைந்து தேறினாலே போதும், அந்தப் பதினைந்து 640ஐ விடக் கனமானவை. எந்த மருத்துவமனையாவது, எந்த மாவட்டச் சுகாதார ஆய்வகமாவது நோயாளிகளிடம் எடுத்த ஸ்வாபில் உங்கள் முறையை ஓட்டியிருந்தால் அது இன்னும் கனம். அவர்களிடமிருந்து லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் வாங்கப் பாருங்கள்.

அப்புறம் கிளாரிவேட் நிறுவனம் துறைவாரியாக, ஆண்டுவாரியாக, ஒரு கட்டுரை முதல் ஒரு சதவீதத்தில் இருக்க எத்தனை மேற்கோள் வேண்டும் என்று அட்டவணை வெளியிடுகிறது. பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். 2021, நுண்ணுயிரியல் என்ற இடத்தில் உங்கள் 210 எங்கே விழுகிறது என்று பாருங்கள். 210 அதிகமா குறைவா என்பது அதிகாரிக்குத் தெரியாது. இந்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

உங்கள் துறையில் ஒரு வசதியும் இருக்கிறது. 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட பூஞ்சை, அதனால்தான் ஆரிஸ் என்று பெயர். பத்தே வருடத்தில், 2019இல், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அதை அவசர அச்சுறுத்தல் பட்டியலில் வைத்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் பூஞ்சைகளுக்கென்று முதல் பட்டியல் போட்டபோது மிக ஆபத்தானவற்றின் வரிசையில் இது இருந்தது. என் வேறொரு கட்சிக்காரர் கோட்பாட்டுக் கணிதம். அவர் வேலை எதற்குப் பயன்படும் என்று விளக்க எனக்கு நாற்பது பக்கம் ஆனது. உங்களுக்கு இந்த மூன்று வரி போதும். ஆனால் ஒன்று, பூஞ்சை முக்கியமானது என்று நிரூபித்துவிட்டு, நீங்கள் முக்கியமானவர் என்று நிரூபித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

சிபாரிசுக் கடிதங்களைப் பற்றி ஒரு பழைய கதை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வேதியியலாளருக்காக ஆறு கடிதங்களின் வரைவை நானே எழுதிக் கொடுத்தேன். ஆறு பேரும் பெரிய ஆட்கள். யாரும் ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ‘எள்ளளவும் சந்தேகமின்றி’ என்ற தொடரை நான் என்னை அறியாமல் மூன்று கடிதங்களில் எழுதியிருக்கிறேன். வந்த ஆர்எஃப்இயில் அதிகாரி மூன்றையும் பக்க எண்ணோடு எடுத்துக் காட்டி, இவை ஒரே கையால் எழுதப்பட்டவை போலத் தெரிகிறதே என்று கேட்டிருந்தார். ஆறும் வீண். அதைச் சரிசெய்ய எனக்கும் அவருக்கும் இரண்டரை மாதம் தூக்கம் போனது. அன்றிலிருந்து நான் வரைவு எழுதுவதில்லை. எந்தெந்த விஷயம் வர வேண்டும் என்று குறிப்பு மட்டும் கொடுக்கிறேன், கடிதத்தை எழுதுபவர் தன் நடையில் எழுத வேண்டும்.

உங்கள் பேராசிரியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், எந்தச் சோதனையை நீங்கள் தனியாகச் செய்தீர்கள் என்பதை அவர்தான் சொல்ல முடியும். ஆனால் அவர் உங்களைப் புகழ்வதில் அதிகாரிக்கு ஆச்சரியம் எதுவும் இருக்காது. கனமான கடிதம், உங்களை நேரில் பார்த்தே இராத ஒருவர் எழுதுவது. எக்செல்லில் மஞ்சள் கோடு போட்டீர்களே, அந்தப் பதினைந்து கட்டுரைகளின் மூத்த ஆசிரியர்கள்தான் உங்கள் பட்டியல். நாலு வரி மின்னஞ்சல் போதும்: என் முறையை நீங்கள் இந்தக் கட்டுரையில் பயன்படுத்தியிருக்கிறீர்கள், ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், முன்பு இருந்த முறையோடு ஒப்பிட்டால் என்ன வித்தியாசம் தெரிந்தது என்று எழுதித் தர முடியுமா. பத்துப் பேருக்கு அனுப்பினால் நாலு பேர் ஒப்புக்கொள்வார்கள், என் அனுபவத்தில்.

இப்போது அந்த 8,000 டாலர் கன்சல்டன்சி. தம்பி, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அவர்கள் தருவதாகச் சொல்லும் விருது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். விண்ணப்பக் கட்டணம் கட்டியவர்களில் பாதிப் பேருக்குப் பரிசு. விருதின் பெயரில் ‘சர்வதேசம்’ இருக்கும். உறுப்பினர் பதவி என்றால் சந்தா கட்டினால் கிடைப்பது. சட்டம் கேட்பது அது இல்லை. துறை வல்லுநர்கள் உட்கார்ந்து சாதனையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇயின் ஃபெலோ பதவியை யுஎஸ்சிஐஎஸ்ஸின் கொள்கைக் கையேடே உதாரணமாகக் காட்டுகிறது. அதே அமைப்பின் சாதாரண உறுப்பினர் அட்டையை யாரும் மதிக்க மாட்டார்கள். பேட்டி என்பது காசு கொடுத்துப் போடும் விளம்பரம், கீழே பொடி எழுத்தில் அப்படியே போட்டிருக்கும். அதிகாரிகள் இவற்றையெல்லாம் நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டார்கள். ஒரே ஆண்டு, ஒரே விருது, ஒரே மாதிரி பேட்டி என்று கோப்புக்கு மேல் கோப்பு வந்தால் அவர்களுக்குப் புரியாதா?

செலவு ஆனது ஆகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. ஐ-140 என்ற மனுப் படிவத்தில் பொய் இருந்தால் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு ஆளாவேன் என்று நீங்கள்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள், கன்சல்டன்சி அல்ல. தெரிந்தே முக்கியமான விஷயத்தில் தவறான தகவல் தந்தீர்கள் என்று முடிவானால் அது வாழ்நாள் முழுக்கத் தொடரும் தடை. பின்னால் வேறு எந்த வழியில் கிரீன் கார்டுக்குப் போனாலும் முன்னால் வந்து நிற்கும். உங்களுக்கு உண்மையான 210 மேற்கோள் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு போலி விருதைக் கொண்டுபோய் வைத்தால், உண்மையானதையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

என்ஐடபிள்யூ போதுமா என்று கேட்டீர்கள். ஈபி-2 பிரிவில் வேலை தருபவர் இல்லாமல் நாமே போடும் தேசிய நலன் விலக்கு அது. 2016இல் வந்த தானாசர் என்ற தீர்ப்பின்படி மூன்று கேள்விகள்: நீங்கள் செய்யப்போகும் வேலைக்குத் தேசிய அளவில் முக்கியத்துவம் உண்டா, அதைச் செய்துகாட்டும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா, வழக்கமான நடைமுறையை உங்களுக்காகத் தள்ளிவைப்பதில் நாட்டுக்கு நன்மையா. இதுவும் முன்பு மாதிரிச் சுலபம் இல்லை, ஆனால் உங்கள் கோப்புக்கு இன்றைக்கே பொருந்தும். ஈபி-1ஏவுக்கு, மேலே சொன்ன வேலைகளைச் செய்ய உங்களுக்கு ஆறேழு மாதம் ஆகும். அதனால் என் யோசனை: என்ஐடபிள்யூவை இப்போதே போடுங்கள், ஈபி-1ஏவைத் தயாரானதும் தனியாகப் போடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம், தடை இல்லை. என்ஐடபிள்யூ ஒப்புதலானால் அதைப் போட்ட தேதிதான் உங்கள் ப்ரையாரிட்டி டேட், அதாவது கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடம். பின்னால் ஈபி-1ஏ ஒப்புதலாகும்போது அந்தப் பழைய தேதியையே அதற்கும் கொண்டுபோகலாம். ஐ-140 ஒப்புதலாகி வரிசையில் நிற்கும் நிலை இருந்தால் 2029இல் எச்-1பியின் ஆறு வருட வரம்பு முடிந்த பிறகும் அதை மும்மூன்று வருடமாக நீட்டிக்க முடியும். ஈபி-1ஏ நிராகரிக்கப்பட்டாலும் திரும்பப் போடலாம், இத்தனை தடவைதான் என்று கணக்கு இல்லை.

கட்டணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐ-140க்கு 715 டாலர், நீங்களே உங்களுக்காகப் போடுவதால் அகதிகள் திட்டக் கட்டணம் 300. அவசரமாகப் பார்க்க ப்ரீமியம் போட்டால் மேலே 2,800 டாலரைத் தாண்டும். ஈபி-1ஏவுக்கு 15 வேலை நாள், என்ஐடபிள்யூவுக்கு 45 வேலை நாள். என்ஐடபிள்யூவுக்கு ப்ரீமியம் வேண்டாம், தேதி கிடைத்தால் போதும், அது மெதுவாக வரட்டும்.

வெய்வர் வாங்கிவிட்டதால் உங்களுக்கு ஜே-1 பிரச்சினை இல்லை. அந்த வெய்வர் கடிதத்தை மட்டும் பத்திரமாக வையுங்கள், கடைசிப் படிவத்தில் கேட்பார்கள். இதைப் படிக்கும் மற்ற ஜே-1காரர்களுக்காக: 2024 டிசம்பர் 9 முதல் இரண்டு வருட விதிக்குக் காரணமான திறன் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டார்கள், முன்பே வந்தவர்களுக்கும் அது பொருந்தும். பட்டியலால் மட்டும் இரண்டு வருட விதிக்குள் வந்தவர்களுக்கு இனி வெய்வர் தேவைப்படாது. ஃபுல்பிரைட் மாதிரி அரசுப் பணத்தில் வந்தவர்களுக்கு விதி அப்படியேதான் இருக்கிறது.

இனி வரிசை. இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு.

வேலை வழி கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000. அதில் எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது; வேறு நாட்டார் எடுக்காமல் மிஞ்சினால்தான் அதற்கு மேல். யாருக்கு முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினில், 2025 அக்டோபரில், இந்தியாவுக்கு ஈபி-2 தேதி 2013 ஏப்ரல், அதாவது அதற்கு முன் போட்டவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. ஈபி-1 தேதி 2022 பிப்ரவரி. நீங்கள் இன்றைக்கு என்ஐடபிள்யூ போட்டு இந்திய வரிசையில் நின்றால், மகள் கல்லூரிக்குப் போகும்போதும் நின்றுகொண்டிருப்பீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மனைவி மஸ்கட்டில் பிறந்தவர். அதைப் படித்ததும் நான் காபியைக் கீழே வைத்தேன்.

வரிசை பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, பிறந்த இடத்தை. உங்கள் மனைவிக்கு இந்திய பாஸ்போர்ட் இருக்கலாம், கைக்குழந்தையாகவே ஊருக்கு வந்துவிட்டிருக்கலாம், ஓமன் குடியுரிமை ஒரு நாளும் இருந்திருக்காது. அதெல்லாம் பரவாயில்லை. அவர் ஓமன் கணக்கில் வருவார். கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பித்தால் இருவரில் யாருடைய பிறந்த நாடு வசதியோ அதை இருவருக்கும் எடுத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. அதாவது நீங்கள் இந்திய வரிசையிலேயே நிற்க வேண்டியதில்லை. ஓமனுக்குத் தனி வரிசை இல்லை, பொது வரிசைதான். அதே அக்டோபர் புல்லட்டினில் பொது வரிசையில் ஈபி-1க்குக் காத்திருப்பே இல்லை, ஈபி-2க்கு 2023 டிசம்பர். ஈபி-1ஏ ஒப்புதலானால் அந்த வாரமே கிரீன் கார்டுக்கான கடைசிப் படிவமான ஐ-485ஐப் போடலாம் என்ற நிலை. என்ஐடபிள்யூ மட்டும் கிடைத்தாலும் அந்தத் தேதிப்படி ஏறக்குறைய இரண்டு வருடக் காத்திருப்பு, பன்னிரண்டு வருடம் அல்ல. தேதிகள் முன்னும் பின்னும் நகரும், போடும் மாதத்தின் புல்லட்டினைப் பாருங்கள்.

வளைகுடாவில் பிறந்த மனைவியோ கணவனோ இருக்கும் மலையாளி, நாகர்கோவில், திருநெல்வேலிக் குடும்பங்கள் எத்தனையோ. இது தெரியாமல் இந்திய வரிசையில் எட்டு வருடம் நின்ற ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். இலங்கையிலோ சிங்கப்பூரிலோ பிறந்த துணை இருந்தாலும் இதே கதைதான். மகள் ஹூஸ்டனில் பிறந்ததை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். முடியாது, பிள்ளையின் பிறப்பிடம் பெற்றோருக்கு ஏறாது.

நிபந்தனை இரண்டு. ஐ-485ஐ நீங்கள் இருவரும் சேர்ந்து போட வேண்டும். நீங்கள் முதலில், அவர் பிறகு என்று பிரிக்கக் கூடாது. இன்னொன்று, அவர் மஸ்கட்டில் பிறந்தார் என்பதற்கு முறையான பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பாஸ்போர்ட்டில் ‘பிறந்த இடம்: மஸ்கட்’ என்று இருப்பது மட்டும் போதாது. ஓமன் அரசு கொடுத்தது அரபியில் இருக்கும், அதற்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்த காகிதம் தனியாக இருந்தால் அதையும் எடுங்கள். பெயரில் எழுத்து மாறியிருக்கும், அப்பா பெயர் இனிஷியலாகவும் முழுப்பெயராகவும் இரண்டு விதமாக இருக்கும். அதற்கு விவரம் தெரிந்த பெரியவர்கள் இருவரின் அஃபிடவிட் வாங்கிச் சமாளிக்கலாம். காணவே காணோம் என்றால் மஸ்கட்டில் விண்ணப்பித்து நகல் வாங்க மாதக்கணக்கில் ஆகலாம்.

எக்செல் வேலையை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இன்று ராத்திரி மாமனாருக்குப் போன் போட்டு, பீரோவில் அந்தப் பழைய வளைகுடாக் காகிதங்கள் இருக்கும் பையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.